தன்னால ஓடுத சக்கரம்

முத்துமாலையை எங்கள் ஊரில் இரண்டு விதமாகக் கூப்பிடுவார்கள். பம்புசெட் மோட்டாரில் செப்புக்கம்பிக் காயில் கருகிப்போனவன் "அண்ணாச்சி" என்பான். கருகாதவன் "கிறுக்கன்" என்பான். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதில் ஊருக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

எங்கள் ஊர் தாமிரபரணித் தென்காலின் கடைமடை. ஆறு கூப்பிடு தூரத்தில் ஓடும். தண்ணீர் மட்டும் எங்களைக் கடைசியாகத்தான் நினைக்கும். வாய்க்கால் வறண்ட நாளில் கிணற்று மோட்டார்தான் வாழையைக் காப்பாற்ற வேண்டும். அதற்கு மும்முனைக் கரண்டு வேண்டும். அது பகலில் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம் என்று முறை வைத்து வரும். முறை தவறினால் நம் ஆட்கள் பொறுக்க மாட்டார்கள். இருமுனையில் இருக்கிற அரைகுறைக் கரண்டில் மோட்டாரைத் தட்டிவிடுவார்கள். காயில் கருகும். கருகினால்தான் அதைத் திரும்பச் சுற்றிக் கொடுக்கிற முத்துமாலை வீட்டில் உலை கொதிக்கும். அப்படிப்பட்ட மனுசன், கரண்டே இல்லாமல் ஓடுகிற மோட்டார் செய்யக் கிளம்பினார் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

என் பெயர் சுவிசேஷமுத்து. லோடு ஆட்டோவில் வாழைத்தார் ஏற்றி ஏரலுக்கும் தூத்துக்குடிக்கும் அடிக்கிறவன். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு முடுக்குச் சந்துதான். லோடு இல்லாத நேரம் அவர் பட்டறையில்தான் கிடப்பேன். வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம். பட்டறையில் முத்துமாலையும் மகள் இசக்கிச்செல்வியும் காயில் சுற்றுவார்கள். வாசல் படியில் அவர் பொண்டாட்டி செல்லக்கிளி முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றுவாள். மூன்று பேரும் ஆளுக்கொன்றைச் சுற்றிக்கொண்டிருக்க, மூலையில் அந்தச் சக்கரம் மட்டும் சுற்றாமல் நிற்கும்.

பழைய ஆயில் எஞ்சினில் இருந்து கழற்றிய, மார்பு உயர இரும்புச் சக்கரம். அதற்கு ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் டைனமோ, இரண்டுக்கும் பெல்ட்டு.

"கேளும்வே," என்பார் முத்துமாலை. "மோட்டாரு சக்கரத்தச் சுத்துது. சக்கரம் டைனமோவச் சுத்துது. டைனமோ என்ன செய்யுது? கரண்டு குடுக்குது. அந்தக் கரண்ட மோட்டாருக்கே குடுத்திட்டா?"

"குடுத்திட்டா?"

"மொதத் தள்ளு மட்டும் லைன் கரண்டு. பொறவு இந்த லிவர இறக்கிட்டா லைன் அத்துப்போவும். அது பாட்டுக்கு ஓடும்."

"அதாவது, உம்ம தோள்ல நீரே ஏறி உக்காந்து ஊருக்குப் போவணும்ங்கீரு."

"சிரியும்வே. ஏரோப்பிளேன் பறக்கும்னு சொன்னவனயும் பாத்து ஒரு லோடு ஆட்டோக்காரன் சிரிச்சிருப்பான்."

செல்லக்கிளி அங்கிருந்தே, "அவன் பொண்டாட்டி அழுதிருப்பா," என்பாள்.

லிவரை இறக்கினதும் சக்கரம் கொஞ்ச நேரம் ஓடும். பிறகு பைய இளைக்கும். மேலே தொங்கும் பல்பு மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்துபோகும். முத்துமாலை பெல்ட்டை மாற்றுவார், பேரிங்கை மாற்றுவார், சக்கரத்தில் ஈயக்கட்டி வைத்துப் பார்ப்பார். வருசங்கள் போயின. வெள்ளம் வந்து ஊர் மூழ்கியபோது சனமெல்லாம் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடியேற, அவர் டைனமோவைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

இது கிறுக்கு என்று நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் காரணம் எனக்குத் தெரியும். அவர் தம்பி செந்தில்முருகன் ராத்திரி முறைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய், ஈரக்கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டு மோட்டார் ரூமிலேயே செத்துக் கிடந்தான். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டிய எர்த் கம்பி, பெட்டியில் அறுந்து கிடந்தது. அன்றிலிருந்து லைன் கரண்டு என்றாலே முத்துமாலைக்குப் பகை. தம்பியின் காரியம் முடிந்த கையோடு திருச்செந்தூர் போய் முருகனிடம் நேர்ந்துகொண்டார்: லைன் இல்லாமல் ஒரு மோட்டார் தன்னால் ஓடுகிறவரை முடி இறக்குவதில்லை, சோற்றில் உப்பில்லை.

யாருடைய மோட்டாரைத் திருத்தப் போனாலும் முதலில் எர்த்தைத்தான் பார்ப்பார். தன் பட்டறையில் சக்கரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, குழாய் இறக்கி எர்த் போட்டிருந்தார். தினமும் காலையில் அதில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவார். சோதனைக்காகச் சக்கரத்தில் எல்லா வயரையும் பிரித்துப் போடுவார். எர்த் கம்பியை மட்டும் தொட மாட்டார்.

"இந்த வீட்ல உப்புத் திங்கிற ஒரே ஆம்பள அந்தக் குழிதான் அண்ணாச்சி," என்பாள் செல்லக்கிளி. அவளுக்கு இரண்டு அடுப்பு, இரண்டு குழம்பு. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைக்கிற நாளில்கூட அவருக்குத் தனிச் சட்டி.

இத்தனையும் அவர்கள் பாடு என்று போயிருக்கும், கல்யாணப் பேச்சு மட்டும் வராதிருந்தால். இசக்கிச்செல்விக்கு வள்ளியூரிலிருந்து மாப்பிள்ளை வந்தான். பெயர் மாரிசெல்வம், கரண்டு எடுக்கிற காற்றாடிக் கம்பெனியில் வேலை. அப்பா கொம்பையா உரக்கடை வைத்திருக்கிறவர், கலகலப்பான மனுசன். பெண்ணை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மாதான் முத்துமாலையின் நெஞ்சு வரைக்கும் கிடந்த தாடியையும் சடையையும் பார்த்துப் பார்த்து மென்று விழுங்கினாள்.

"தாரை வாத்துக் குடுக்க இவிய இப்படியேவா உக்காருவாவ? பாக்கவன் சாமியார் மடத்துல பொண்ணெடுத்தோம்னுல்லா சொல்லுவான்."

"நேர்ச்சைம்மா. அது ஓடினாத்தான் இறக்குவேன்," என்றார் முத்துமாலை.

"ஓடாட்டி?"

அவர் மூலையில் நின்ற சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார். வந்தவர்கள் "சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்துபோனார்கள். இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போன இடங்கள் இதற்கு முன்னாலும் உண்டு. இசக்கிச்செல்வி காப்பித் தம்ளர்களை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாரிசெல்வத்தை அவளுக்குப் பிடித்திருந்தது என்பது அந்தப் போக்கிலேயே தெரிந்தது.

பங்குனி பிறந்து ஒரு காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். முடுக்கைத் தாண்டி ஒரே கூச்சல்.

"வே சுவிசேஷம்! ஓடுதுவே! நிக்க மாட்டங்குதுவே!"

வாயில் நுரையோடு ஓடினேன். லிவர் கீழே இறங்கியிருந்தது. சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. பல்பு வெள்ளையாக எரிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இப்போது இளைக்கும், இப்போது இளைக்கும் என்று நின்றேன். என் வாய் நுரை காய்ந்ததுதான் மிச்சம். முத்துமாலை அந்த இரும்புச் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "செந்திலு, செந்திலு" என்று தம்பி பேரைச் சொல்லி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நான் படித்தவனில்லை, ஓடினால் ஓடுகிறது என்று நம்புகிற ஜாதி.

மறுநாளே என் வண்டியில் திருச்செந்தூர் போனோம். பின்னால் தார்ப்பாயை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்து வந்தார்கள். முடி இறக்கி, கடலில் முழுகி, நாழிக்கிணற்றில் குளித்து, சந்தனத் தலையோடு வெளியே வந்த முத்துமாலையைப் பார்த்தால் வயசு பாதியாகத் தெரிந்தது. சந்நிதித் தெருவில் தோசை வாங்கினோம். சட்னியை நாக்கில் வைத்ததும் முகத்தைச் சுளித்து, "என்ன எளவு, இவ்வளவு கரிக்கும்!" என்று சிரித்தார். பிறகு இன்னொரு கரண்டி கேட்டார். இசக்கிச்செல்வி மட்டும் தோசையைப் பிய்த்துப் பிய்த்து இலையிலேயே வைத்தாள். கடல் தண்ணீரைக் குடித்திருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வள்ளியூருக்குச் செய்தி போயிற்று. கொம்பையா குடும்பத்தோடு வந்து பூ வைத்தார். ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்தாகிவிட்டது.

அதன்பிறகு முத்துமாலை தினமும் காலையில் சக்கரத்தை ஓட்டினார். பார்க்க ஆள் வந்தது. "கிறுக்கன்" என்றவன் எல்லாம் "அண்ணாச்சி, நம்ம கிணத்துக்கு ஒண்ணு" என்று வந்து நின்றான். "பொறுங்கலே, மொதல்ல தம்பி செத்த கெணத்துலதான் மாட்டணும்," என்பார்.

ஆனியில் ஒரு நாள் செல்லக்கிளி முடுக்கு வழியாக என் வீட்டுக்கு வந்தாள். பீடி முறம் இல்லாமல் அவளை நான் பார்த்தது அபூர்வம்.

"அண்ணாச்சி, செவ்வாக்கிழம கரண்டு நிறுத்துதானாம்ல? பேப்பர்ல போட்டிருக்காம்."

"ஆமா. மராமத்து வேலை. காலையில போயி மதியத்துக்கு மேலதான் வரும்."

"அன்னைக்கு எங்க வீட்டு அவியள எங்கயாவது கூட்டிட்டுப் போயிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"எதுக்கு? அவரு ஊரயே கூப்பிட்டிருக்காரு. ஊரு பூராம் கரண்டு இல்லாம கெடக்கும்போது எம் பல்பு எரியும், வந்து பாருங்கன்னு டீக்கடையில வச்சு சொன்னாரே. சம்பந்திக்குக்கூட போன் போட்டாச்சு."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது எரியாது அண்ணாச்சி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் தலையைக் குனிந்தபடி சொல்லிக்கொண்டே போனாள்.

"செல்விதான் செஞ்சா. நாந்தான் செய்யச் சொன்னேன். அவிய திருநவேலிக்குச் செப்புக் கம்பி எடுக்கப் போன அன்னைக்கு, அந்த எர்த்துக் கொழா இருக்குல்லா, அதுக்குள்ள வேற வயரு விட்டு, மண்ணுக்கடியில அடுக்களைக்குக் கொண்டாந்திட்டா. கிரைண்டர் சுவிச்சுக்குப் பக்கத்துல ஒரு சுவிச்சு. அவிய லிவர இறக்கும்போது இவ அதத் தட்டிவிடுவா."

"ஏட்டி, இது என்ன வேலை!"

"வேற எங்க வச்சாலும் கண்டுபிடிச்சிருவாவ. எர்த்தத்தான் தொட மாட்டாவ. ஒரே ஒரு நாளு ஓட்டிரணும், அவிய நேர்ச்சை செலுத்திரணும், பொறவு பேரிங்கு போச்சுன்னு விட்டிரலாம்னுதான் நெனச்சோம். திருச்செந்தூர் போயிட்டு வந்து அவிய மொகத்தப் பாத்தீகல்லா? எப்படி அண்ணாச்சி நிப்பாட்ட? நடுவுல ஒருக்க கரண்டு போச்சு. பெல்ட்டு கருகுதுன்னு செல்வி கத்தி நிப்பாட்ட வச்சா. எத்தன நாளைக்குக் கத்துவா?"

"அவருகிட்ட நீயே சொல்லிரு. இன்னைக்கே சொல்லிரு. நான் சொன்னா அது கோளு."

"சொன்னா மறுபடி முடி வளப்பாவ. ஆவணி போச்சு. எம் மவ போச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் இத்தனை வருசம் இரண்டு அடுப்பு எரித்தவளிடம் என்னத்தைப் பேச? அன்று சாயங்காலம் அவரிடம் போய், "செவ்வாக்கிழம தூத்துக்குடி லோடு இருக்கு, தொணைக்கு வாரும்," என்று இழுத்துப் பார்த்தேன்.

"என்னவே பேசுதீரு? அன்னைக்குத்தான எனக்குப் பரீட்சை," என்றார். சக்கரத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பட்டறையில் நிற்க இடமில்லை. வெயில் ஏறுவதற்கு முன்பே ஊர் கூடிவிட்டது. கொம்பையா வெள்ளை வேட்டி சட்டையில் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முத்துமாலை சக்கரத்துக்கு மாலை போட்டிருந்தார். ஓட்டிவிட்டு, லிவரை இறக்கினார். சக்கரம் ஓடியது. பல்பு எரிந்தது. செல்லக்கிளி அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. இசக்கிச்செல்வி சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சொன்ன நேரத்துக்குக் கரண்டு போயிற்று. எதிர்த்த மாவு மில் சத்தம் நின்றது. டீக்கடைப் பாட்டு நின்றது. ஊரே அமைதியாகி, சக்கரத்தின் இரைச்சல் மட்டும் தனியாகக் கேட்டது. சனம் கைதட்டியது. முத்துமாலை கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்.

கைதட்டல் ஓய்ந்ததும் பல்பு மஞ்சளாகிவிட்டது.

அவர் கண்ணைத் திறந்தார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பேரிங்கில் காதை வைத்தார். சக்கரம் இளைத்து, ஒரு முக்கல் முக்கி நின்றது. டைனமோ வயர், மோட்டார் வயர், லிவர் என்று ஒவ்வொன்றாகத் தடவி வந்தவர், கடைசியில் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் சக்கரத்தைப் பார்க்கவில்லை. எர்த் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துமாலை குனிந்தார். குழாய்க்குள்ளிருந்து வந்த கம்பியை விரலால் உருட்டிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க வயரைத் தொட்ட விரல்; கனம் மாறியிருந்தது தெரியாமல் போகுமா? பிடித்து இழுத்தார். மண்ணைக் கிழித்துக்கொண்டு கறுப்பு வயர் அறுபடாமல் சுவர் வரைக்கும் எழும்பி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்களை.

"என்ன சம்பந்தி, அது என்ன வயரு?" என்றார் கொம்பையா.

இசக்கிச்செல்வியின் முகத்தில் ரத்தம் இல்லை. இப்போது அவர் வாயைத் திறந்தால் பெண்ணின் காலம் முடிந்தது. பெற்ற அப்பனையே ஏமாற்றி மொட்டை போட வைத்தவள் என்று தெரிந்தபின் எவள் மருமகளாக எடுப்பாள்?

"நாந்தான் போட்டேன்," என்றார் முத்துமாலை.

அவர் குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"மக கல்யாணம் நடக்கணுமேன்னு போட்டேன். சக்கரம் தன்னால ஓடல. உங்கள எல்லாரையும் ஏமாத்திட்டேன். மனசு கேக்கல. அதான் லைன் நிறுத்துத நாளாப் பாத்து, எல்லாருக்கும் காட்டி சொல்லிரலாம்னு கூப்பிட்டேன்."

சனம் ஒரு நிமிசம் விழித்தது. பிறகு யாரோ, "பலே ஆளுதான்வே!" என்றான். சிரிப்பு கிளம்பியது. கொம்பையாதான் பெரிதாகச் சிரித்தார். எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார்.

"மவளுக்காவ இவ்வளவு சோலி பாத்திருக்கீரே! நான் உம்ம வெறுங்கிறுக்குன்னுல்லா நெனச்சேன். கெட்டிக்காரருதான். விடும், கல்யாண வேலையப் பாப்போம்."

எனக்கு அந்தக் கூட்டத்தையே வண்டி ஏற்றிக் கொல்ல வேண்டும்போல இருந்தது. நிசமாகவே அந்த மனுசன் உயிரைக் கொடுத்துப் பாடுபட்டபோது கிறுக்கன். ஏமாற்றினேன் என்று பொய் சொன்னதும் கெட்டிக்காரன். தேங்காய் உடைத்துச் சாமி கும்பிட்டவர்களைப் போலத் திருப்தியாக எல்லோரும் கலைந்து போனார்கள்.

நான் போகவில்லை. பட்டறையை அடுத்த கூடத்தில், எங்கள் பேச்சில் தார்சாவில், அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். செல்லக்கிளி இலை போட்டுச் சோறு கொண்டுவந்தாள்.

"உப்பில்லாம வையி," என்றார்.

"ஏங்க..."

"பொய்க்கு மொட்டை போட்டுட்டு வந்திருக்கேன்ட்டி. செந்தூரான் மொகத்துல எப்படி முழிப்பேன்? உப்பில்லாம வையி."

அவள் இலையை எடுத்துக்கொண்டு அழுதபடி உள்ளே போனாள். இசக்கிச்செல்வி அவர் காலடியில் வந்து விழுந்தாள்.

"எப்பா, அடிச்சிருங்கப்பா. ஏசியாவது ஏசுங்க."

"ஏமாத்துனது கூடப் பெருசில்லம்மா," என்றார். "ஏமாத்த எத்தனையோ எடம் இருக்கு. எர்த்துக் கம்பியிலயாட்டி வைப்ப? ஒன் சித்தப்பன் அது இல்லாமத்தான செத்தான். அதத் தொட மாட்டேன்னு ஒனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. ஒனக்குத் தெரியும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்; போகவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தோம். உச்சி வெயில் சாய்ந்தது. யாரும் சாப்பிடவில்லை.

திடீரென்று எதிர்த்த மாவு மில் இரைந்தது. எங்கள் தலைக்கு மேலே ஃபேன் சுற்றத் தொடங்கியது. கரண்டு வந்துவிட்டது. கூடவே பட்டறையில் ஒரு முனகல். ஆளில்லாத அந்த அறையில், லிவர் இறக்கினது இறக்கினபடி இருக்க, சக்கரம் பைய அசைந்து, உருண்டு, வேகம் பிடித்து, மாலையைச் சுழற்றி எறிந்துவிட்டு ஓடத் தொடங்கியது. பல்பு பளிச்சென்று எரிந்தது. அடுக்களை சுவிட்சை அணைக்க யாருக்கும் நினைவில்லாமல் போயிருந்தது.

இசக்கிச்செல்வி பதறி எழுந்தாள்.

"நில்லு," என்றார் முத்துமாலை. "ஓடட்டும்."

சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மொட்டை போட்ட தலையில் குட்டையாக வளர்ந்திருந்த முடி வேர்த்து மின்னியது. என்ன நினைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு, சின்னப்பிள்ளை கேட்பதைப் போலத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏட்டி செல்வி. நெசத்தச் சொல்லணும். இத்தன நாளு ஓட்டுனேனே. அதுல ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, நீ அந்த சுவிச்சப் போட மறந்து போயி, அது தன்னால ஓடுன நாளு உண்டா?"

அடுக்களை வாசலில் செல்லக்கிளி வந்து நின்றிருந்தாள். "உண்டுன்னு சொல்லு" என்று அவள் கண் மகளைக் கெஞ்சியது. நானும் அதைத்தான் மனசுக்குள் கெஞ்சினேன்.

இசக்கிச்செல்வி அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"இல்லப்பா," என்றாள். "ஒரு நாளும் மறக்கல."

முத்துமாலை தலையை ஆட்டினார்.

"சரி," என்றார். "போயி சுவிச்ச அமத்து."